தோளில் தண்டு, குழியில் கால்

(காஞ்சிபுரத்தில் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணா பிறந்த ஊரில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்பதென்றால் யாருக்கும் கொஞ்சம் உதறும். நான் பேச்சாளன் இல்லை, எலும்பு ஒட்டவைப்பவன். அடுக்குமொழியை எதிர்பார்க்காதீர்கள். கைவசம் இருப்பது கொஞ்சம் விஷயம்தான்.

இந்த ஊரில் இரண்டு வகை உழைப்பாளிகளைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒருவர் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் குழிக்குள், மிதியின் மேல். கைகளுக்கு நாடாவும் பலகையும். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார், பிறகு மறுபடி உட்காருவார். இன்னொருவர் சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளின் வாகனத்தைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கி. வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள், கருட சேவையன்று, விடிவதற்கு முன்பே தோளில் தண்டு ஏறிவிடும். வெறுங்கால். பெரிய காஞ்சிபுரம் கங்கைகொண்டான் மண்டபம் வரை போய்த் திரும்ப வேண்டும். தோளைப் பார்த்தால் காய்ப்பு ஏறியிருக்கும்.

இந்த இருவரில் யாருக்கு எலும்பு சீக்கிரம் கெடும்? மருத்துவமனைக்கு வருகிறவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் சுமக்கிறவரையே காட்டுவார்கள். பாரம் தூக்கினால் எலும்பு தேயும், உட்கார்ந்து செய்கிற வேலையில் எலும்புக்கு ஒன்றும் ஆகாது என்பது பொதுவான நம்பிக்கை. மூட்டுக் குருத்தெலும்பைப் பற்றி இப்படிச் சொன்னால் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம்; அது வேறு கதை, இன்று அதைத் தொடப்போவதில்லை. எலும்பைப் பொறுத்தவரை கணக்கு தலைகீழ். அது ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் எலும்பு எதனால் ஆனது என்று பார்ப்போம். எலும்பென்றால் கால்சியம், கால்சியமென்றால் மாத்திரை என்ற அளவில் விஷயத்தை முடித்துவிடுகிறோம். எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம் என்பது உண்மைதான். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சிஅபடைட் என்ற படிகம் அது. மிச்சத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்கிற புரத நார். சுமார் பத்தில் ஒரு பங்கு தண்ணீர்.

கனிமத்தையும் நாரையும் வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சதை போகக் கழுவி, வினிகரில் போட்டு, வினிகரை மாற்றி மாற்றிச் சில நாள் வையுங்கள். கனிமம் கரைந்துவிடும். எலும்பின் உருவம் அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் போல வளையும். இன்னொரு எலும்பை அடுப்புத் தணலில் நன்றாகச் சுட்டு எடுங்கள். இப்போது நார் எரிந்துபோய்க் கனிமம் மட்டும் மிச்சம். உருவம் இதிலும் மாறாது, ஆனால் விரலால் அழுத்தினால் பொடியாகும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட நன்றாக மனசில் நிற்கும்.

ஜரிகை தெரியாதவர்கள் இந்த அவையில் இருக்க மாட்டீர்கள். நடுவில் பட்டு இழை, அதன்மேல் தட்டையாக்கிச் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதற்குமேல் தங்க முலாம். இழை இல்லாத கம்பி மடிப்பில் ஒடியும். கம்பி இல்லாத இழை வெறும் நூல். எலும்பும் இதே சூட்சுமத்தில் நிற்கிறது. ஒரே வித்தியாசம், எலும்பில் கனிமம் நாரின் மேலே சுற்றிக்கொள்வதில்லை. நாருக்குள்ளும் நார்களின் இடுக்கிலும் நுண்ணிய தகடுகளாகப் படிகிறது.

அந்த நாரின் அமைப்பைக் கண்டுபிடித்தது நம் சென்னையில் என்பதை இங்கே சொல்லாமல் போனால் தப்பு. 1952இல் இங்கிலாந்தின் ஜே. டி. பெர்னால் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அப்போது இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ஜி. என். ராமச்சந்திரனுக்கு வயது முப்பது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாரை எக்ஸ்ரே கதிரில் வைத்துப் படம் எடுத்தார்கள். மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட மும்முறுக்கு அது என்று 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். தாங்குகிற நார் முறுக்கிய நாராகத்தான் இருக்கும் என்பதில் நெசவாளர்களுக்கு ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

இந்தக் கலவைப் பொருளின் பலத்தைக் கொஞ்சம் எண்ணிக்கையில் சொல்கிறேன். தொடை எலும்பின் கெட்டியான புறச்சுவரில் ஒரு சதுர சென்டிமீட்டர் துண்டை எடுத்துக்கொண்டு நீளவாக்கில் அமுக்கினால் சுமார் 2,000 கிலோ வரை தாங்கும். அதையே இழுத்தால் சுமார் 1,300 கிலோ. ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவது போல வெட்டி நகர்த்தினால் 700 கிலோவுக்குள். குறுக்குவாக்கில் இழுத்தால் 500 கிலோவிலேயே பிளந்துவிடும். ஒரே பொருள்தான், பாரம் எந்தத் திசையில் வருகிறது என்பதைப் பொறுத்துப் பலம் நான்கில் ஒரு பங்காகக்கூடக் குறைகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வரதர் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன? கருங்கல் அமுக்கத்தை அபாரமாகத் தாங்கும், ஆனால் இழுப்புக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்காது. உத்தரம் நீண்டால் நடுவில் வளையும், வளைந்தால் அடிப்பக்கம் இழுபடும், இழுபட்டால் விரிசல். ஸ்தபதி தூணை நெருக்கி வைத்துத் தப்பித்தார். எலும்புக்கு அந்த வசதி கிடையாது. தொடை எலும்பு ஒன்றே ஒன்று, அதுவும் வளைந்தது, அதன் தலை ஓரமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. வளைவையும் இழுப்பையும் அது தாங்கியே ஆக வேண்டும். அதற்குத்தான் நார்.

கனிமம் கூடினால் பலமும் கூடும் என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு நம் பக்கத்துச் சான்றே உண்டு. 1937இல் ஷார்ட் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஒரு நோயைப் பதிவு செய்தார்கள். கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுந்த கிராமங்கள். பல்லில் கறை, நடுத்தர வயதில் முதுகும் கழுத்தும் மரக்கட்டை போல விறைத்துவிடும். எக்ஸ்ரேயில் எலும்பு பளீரென்று வெள்ளையாக, சாதாரண எலும்பைவிட அடர்த்தியாகத் தெரியும். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்களுக்கு இந்தத் தண்ணீரின் கதை நன்றாகவே தெரியும்.

இந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு, ஃப்ளோரைடையே எலும்பு மெலிவுக்கு மருந்தாகக் கொடுத்தால் என்ன என்று மேல்நாட்டில் முயன்றார்கள். அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரிக்ஸ் குழுவினர் 202 பெண்களை வைத்து நான்கு ஆண்டு நடத்திய ஆய்வின் முடிவு 1990இல் வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை. மற்ற எலும்புகளின் முறிவோ மூன்று மடங்குக்கும் மேல். அடர்த்தி ஏறியது, தரம் இறங்கியது. ஸ்கேன் எண்ணை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுகிற எங்களைப் போன்ற டாக்டர்களுக்கு அது நல்ல பாடம்.

இனி பாரத்துக்கு வருவோம்.

நிற்கும்போது நம் எடை இரண்டு காலிலும் பாதிப் பாதியாக இறங்குகிறது என்று நினைக்கிறோம். ஆனால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அந்தக் கணத்தில் உடம்பு மறுபக்கம் சாயாமல் இருக்க, இடுப்பின் வெளிப்பக்கத் தசை எலும்பை இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் தசைக்கு நெம்புகோல் நீளம் குறைவு என்பதால் அதிக பலம் போட்டு இழுக்க வேண்டியிருக்கிறது. எடையும் இழுப்பும் சேர்ந்து இடுப்பு மூட்டின் மேல் இறங்குகின்றன. ஜெர்மனியின் பெர்க்மன் குழுவினர் செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே அளவுமானியைப் பொருத்தி இதை நேராக அளந்திருக்கிறார்கள். சாதாரண நடையில் உடல் எடையைப் போல ஏறக்குறைய 2.4 மடங்கு, படியேறும்போது அதைவிடச் சற்றே அதிகம். கால் இடறித் தடுமாறினால் எட்டு மடங்கு வரை போகிறது. 70 கிலோ ஆள் தெருவில் சும்மா நடந்து போகும்போதே இடுப்பு எலும்பு 170 கிலோ அளவு தாங்கிக்கொண்டிருக்கிறது. தோளில் தண்டு ஏறினால் அந்தப் பாரமும் இதே நெம்புகோல் வழியாகப் பெருகித்தான் கீழே இறங்கும். வலத்தோளில் தண்டு என்றால் இடது இடுப்புத் தசைக்கு வேலை கூடுதல். தோள் மாற்றிக்கொள்ளும் வழக்கத்தில் அனுபவ அறிவு இருக்கிறது.

இந்தப் பாரத்துக்கு எலும்பு எவ்வளவு அமுங்கும்? ஓட்டத்திலும் குதிப்பிலும் முன்னங்கால் எலும்பு ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்குவரை நீளம் குறைந்து உடனே பழைய நிலைக்குத் திரும்புகிறது. 40 சென்டிமீட்டர் எலும்பில் அரை மில்லிமீட்டர் கிட்டத்தட்ட. நிரந்தரச் சேதம் தொடங்குவதற்கு ஆயிரத்தில் ஏழு பங்காவது வேண்டும். மூன்று மடங்குக்குக் குறையாத பாதுகாப்பு இடைவெளியோடு எலும்பு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த இடைவெளியை யார் வைத்தார்கள், எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் ருசியான விஷயம்.

1866இல் சூரிச் நகரில் ஹெர்மன் ஃபான் மேயர் என்ற உடற்கூற்று ஆசிரியர் தொடை எலும்பின் தலையை நீளவாக்கில் அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே பஞ்சு போன்ற எலும்பு. அதில் மெல்லிய கம்பிகள் வில்வில்லாக வளைந்து ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்லும். அதைப் பார்த்தவர்களில் கார்ல் குல்மன் என்ற பாலப் பொறியாளரும் ஒருவர். பளுதூக்கி இயந்திரத்தின் வளைந்த கழுத்தில் அமுக்கமும் இழுப்பும் எந்தக் கோடுகளில் ஓடும் என்று தன் மாணவர்களுக்கு அவர் வரையச் சொல்லும் படமும் இதுவும் ஒன்றுபோல இருந்தன. யூலியஸ் வோல்ஃப் என்ற பெர்லின் அறுவை மருத்துவர் இதை எடுத்துக்கொண்டு, பாரம் மாறினால் எலும்பின் அமைப்பும் அதற்கேற்ப மாறும் என்று 1892இல் புத்தகமாகவே எழுதினார். அவருடைய கணிதம் அப்படியே நிற்கவில்லை, கருத்து நின்றது. அந்தக் கம்பிகள் வயதாக ஆக எந்த வரிசையில் அழிகின்றன என்பதை 1970இல் எம். சிங், ஏ. ஆர். நாக்ரத், பி. எஸ். மைனி என்ற நம் நாட்டு மருத்துவர்கள் ஆறு படிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். சிங் குறியீடு என்று உலகம் முழுக்க அதைப் படிக்கிறார்கள். சாதாரண எக்ஸ்ரே போதும். முக்கியமான பாரத்தைத் தாங்கும் கம்பி கடைசியில் அழிகிறது, பாரம் அதிகம் வராத கம்பி முதலில் அழிகிறது. பாரம் படாத இடத்தில் எலும்பு பொருளை வீணாக்காது.

வோல்ஃப் சொல்லாமல் விட்ட கேள்வி ஒன்று: எந்த மாதிரிப் பாரம்? இதற்கு விடை சொன்னவர்கள் லான்ஸ் லேனியனும் கிளின்டன் ரூபினும். பறவையின் இறக்கை எலும்பு ஒன்றை நரம்பும் ரத்த ஓட்டமும் கெடாமல், இயல்பான பாரம் மட்டும் படாதபடி தனிப்படுத்தி, வெளியிலிருந்து கருவி மூலம் தாங்கள் விரும்பியபடி அமுக்கினார்கள். 1984இல் வெளிவந்த முடிவுகள் இவை. அமுக்கவே இல்லையென்றால் எலும்பு கரைந்தது. ஒரு நாளைக்கு நான்கே நான்கு தடவை அமுக்கினால் கரைவது நின்றது. 36 தடவை, அதாவது ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரம் அமுக்கினால் புது எலும்பு வளர்ந்தது. சரி, 1,800 தடவை அமுக்கினால்? 36 தடவைக்கு வளர்ந்ததைவிட அதிகம் வளரவில்லை.

அதே ஆண்டு அவர்கள் செய்த இன்னொரு சோதனைதான் இன்றைய பேச்சின் மையம். பாரத்தை ஏற்றி இறக்காமல், ஒரே அளவில் தொடர்ந்து அமுக்கியே வைத்தார்கள். எலும்பு வளரவில்லை. அதோடு, பாரமே படாத எலும்பு எப்படிக் கரைந்ததோ அப்படியே இதுவும் கரைந்தது. அசையாத பாரம் எலும்பின் கணக்கில் பூஜ்யம்.

ஏன் அப்படி? எலும்புக்குள் ஆஸ்டியோசைட் என்ற செல்கள் சின்னச் சின்னப் பொந்துகளில் குடியிருக்கின்றன. பொந்துக்குப் பொந்து முடியளவுகூட இல்லாத கால்வாய்கள், அவற்றில் திரவம். எலும்பு அமுங்கும்போது திரவம் ஒரு பக்கம் ஓடும், விடும்போது திரும்பும். இந்த ஓட்டத்தைத்தான் செல் உணர்கிறது. அமுக்கி அப்படியே வைத்தால் ஒரு தடவை ஓடி நின்றுவிடும். அப்புறம் உணர ஒன்றுமில்லை. ஓட்டம் இல்லாதபோது இந்தச் செல்கள் ஸ்க்ளெராஸ்டின் என்ற புரதத்தைச் சுரந்து, எலும்பு கட்டும் செல்களை நிறுத்திவைக்கின்றன. பாரம் ஏறி இறங்கினால் அந்தச் சுரப்பு குறைந்து கட்டுமானம் தொடங்கும். நூறு தடவை அசைந்த பிறகு செல்லுக்கும் சலித்துவிடுகிறது. பழைய உணர்ச்சி முழுதாகத் திரும்பச் சுமார் எட்டு மணி நேரம் ஆகிறது. ஆகவே ஒரே மூச்சாகச் செய்வதைவிட, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று பிரித்துச் செய்வது எலும்புக்கு லாபம்.

பாரத்தால் எலும்பில் மாறுவது என்ன? பலர் நினைப்பது போல எலும்புப் பொருளே இரும்பாக இறுகிவிடுவதில்லை. பொருளின் விறைப்பும் பலமும் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. புதிதாகப் படியும் எலும்பு ஆரம்பத்தில் கனிமம் குறைந்து கொஞ்சம் மிருதுவாகக்கூட இருக்கும், முழுக் கனிமமும் ஏறப் பல மாதம் ஆகும். மாறுவது அளவும் வடிவமும். அதிலும் எங்கே படிகிறது என்பதுதான் சாமர்த்தியம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளி விட்டம் 20 மில்லிமீட்டர், உள் விட்டம் 10 மில்லிமீட்டர் உள்ள எலும்புக் குழாய். அதன் வெளிப்புறத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் புது எலும்பு படிந்தால் வளைவை எதிர்க்கும் விறைப்பு 50 சதவீதம் கூடுகிறது. அதே அளவு எலும்பை உள்பக்கம் படிய வைத்தால் கூடுவது 6, 7 சதவீதம்தான். இளம் வயதில் பாரத்துக்கு ஈடுகொடுக்க எலும்பு வெளிப்புறத்தில் அப்பிக்கொள்கிறது. எங்கே அதிகம் வளைகிறதோ அங்கே. எலிகளின் முன்கை எலும்பில் ராப்லிங் குழுவினர் 2002இல் காட்டியது இதுதான். ஸ்கேன் அடர்த்தி 5.4 சதவீதம்தான் கூடியது; முறிப்பதற்குத் தேவைப்பட்ட விசை 64 சதவீதம் கூடியது.

மனிதரில் இதைப் பார்க்க டென்னிஸ் ஆட்டக்காரர் போதும். ஒரு கை ஆடுகிறது, மறு கை சும்மா இருக்கிறது. சாப்பாடு, மரபணு, வயது எல்லாம் இரண்டு கைக்கும் ஒன்று. 1977இல் அளந்தபோது ஆண்களில் ஆடும் கையின் மேல்கை எலும்புச் சுவர் 35 சதவீதம், பெண்களில் 28 சதவீதம் தடித்திருந்தது. பூப்பெய்துவதற்கு முன்பே ஆடத் தொடங்கிய பெண்களுக்கு, பிறகு தொடங்கியவர்களைவிட இரண்டு மடங்குக்குக் குறையாமல் பலன். நம் வீட்டுப் பாட்டிமார்களின் டென்னிஸ் அம்மியும் ஆட்டுக்கல்லும். மத்திய ஐரோப்பாவின் கற்காலப் பெண்களின் மேல்கை எலும்புகளை 2017இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். இன்றைய படகோட்ட வீராங்கனைகளின் எலும்பைவிட அவை 11 முதல் 16 சதவீதம் பலமாக இருந்தன. கையால் தானியம் அரைத்தது முக்கியக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. மிக்சியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. என் வீட்டிலும் அது நடக்காது.

பட்டு நெசவுக்காரர்களின் எலும்பையே யாராவது பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள், லண்டனில். பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி ஓடிவந்த ஹியூகனோக்கள் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற பகுதியில் பட்டுத் தறி போட்டார்கள். அங்குள்ள கிறிஸ்து தேவாலயத்தின் நிலவறையை 1984 முதல் 1986 வரை காலி செய்தபோது ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான உடல்கள் கிடைத்தன. பல சவப்பெட்டிகளில் பெயர், வயது, இறந்த தேதி பொறித்த தகடு. எலும்பு ஆராய்கிறவர்களுக்கு இப்படி ஒரு அதிர்ஷ்டம் அடிக்கடி வாய்க்காது. 1729க்கும் 1852க்கும் இடையில் புதைக்கப்பட்ட பெண்களின் தொடை எலும்புகளை, இன்று மருத்துவமனையில் வைத்திருக்கும் அதே வகை ஸ்கேன் கருவியில் வைத்து அளந்து, இக்காலப் பெண்களோடு ஒப்பிட்டு 1993இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். மாதவிடாய் நிற்பதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, இக்காலப் பெண்களின் எலும்புதான் வேகமாகக் கரைகிறது. அந்தக் காலத்தில் கால்சியம் மாத்திரையா இருந்தது? உடலுழைப்பின் வேறுபாடு ஒரு காரணமாகலாம் என்று எழுதினார்கள். புதைக்கப்பட்டவர்களில் எல்லோரும் தறியில் உட்கார்ந்தவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். பட்டறை முதலாளி, வணிகர் குடும்பங்களும் நிறைய. ஆனால் மோட்டார் வண்டி இல்லாத காலத்தில் பெரும்பாலோர் நடந்தார்கள்.

இப்போது பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்புவோம். குழித்தறியில் உட்கார்ந்தவரின் உடல் எடை உட்காரும் எலும்பில் இறங்கி அங்கேயே நிற்கிறது. தொடை எலும்பின் கழுத்துக்கு எடையே போவதில்லை. மிதியை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை மிதிக்கிறார் என்பது உண்மை. ஆனால் ரூபின், லேனியன் கணக்குப்படி எண்ணிக்கைக்கு மதிப்பு சீக்கிரமே தீர்ந்துவிடும். மிதிக்கும் விசையோ நடையில் வருவதில் ஒரு சிறு பங்கு. கைக்கு நல்ல வேலை, காலுக்கு அசைவு, இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் அசையாத பாரம். விண்வெளியில் மிதப்பவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் கரைகிறது. தறிக்காரர் நிலைமை அவ்வளவு மோசமில்லை, தெருவில் இறங்கி நடக்கிறாரே. ஆனால் திசை அதுதான்.

முன்பெல்லாம் இந்தத் தொழிலுக்குள்ளேயே மருந்தும் இருந்தது. விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டி, குனிந்து நிமிர்ந்து, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து இழை சரிபார்ப்பார்கள். வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொள்வார்கள். நடையும் வெயிலும் ஒன்றாகக் கிடைத்தன. வெயிலைச் சும்மா சொல்லவில்லை. வெயிலில் கிடைக்கும் வைட்டமின் டி இல்லாவிட்டால் நார் தயாராக இருந்தும் கனிமம் ஏறாது, கம்பி சுற்றாத ஜரிகைதான். தறி வீட்டுக்குள், அரையிருட்டில் வேலை செய்யும் பெண்களிடம் உடம்பெல்லாம் வலி என்ற புகாரைக் கேட்கும்போது, எங்களுக்கு முதல் சந்தேகம் இதில்தான் போக வேண்டும். வலி மாத்திரை எழுதி அனுப்பிவிடுவது சுலபம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கும். ஒரு காலத்தில் கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா வாங்கிக் கொடுக்கப் பிள்ளைகளை வைத்துக்கொண்டோம். படிப்பு போனதைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். எலும்பும் போனது. எலும்பு வெளிப்புறமாக அப்பிக்கொள்ளும் பருவம் பூப்புக்கு முந்திய சில ஆண்டுகள்தான். அமெரிக்காவில் 2001இல் வெளியான ஒரு ஆய்வில், சிறு பிள்ளைகளை 61 சென்டிமீட்டர் பெட்டி மேலிருந்து தரையில் குதிக்கச் சொன்னார்கள். ஒரு வேளைக்கு நூறு குதிப்பு, வாரம் மூன்று நாள், ஏழு மாதம். குதிக்காத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் தொடை எலும்புக் கழுத்தில் 4.5 சதவீதம் கூடுதல் கனிமம். நம் தெருவில் பாண்டியும் நொண்டியும் ஆடியபோது இதற்குப் பெட்டி தேவைப்படவில்லை. இன்று பிள்ளைகள் தறியில் இல்லை, சந்தோஷம். கையில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எலும்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஸ்ரீபாதம் தாங்கிகளுக்கு வருகிறேன். தண்டு தூக்கி நடப்பது எலும்புக்குப் பிடித்த பாரம்: பெரியது, அசைவது, அடிக்கு அடி மாறுவது, இடையிடையே இளைப்பாறுவது. ஆண்டு முழுவதும் புறப்பாட்டுக்குத் தோள் கொடுப்பவர் கவலைப்பட ஒன்றுமில்லை. சிக்கல், பதினொரு மாதம் மேசைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டு உற்சவத்துக்கு மட்டும் லீவு போட்டு வந்து தோள் கொடுக்கும் இளைஞர்களுக்கு. 1855இல் பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட அணிவகுப்புக்குப் பிறகு வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். எக்ஸ்ரே வந்த பிறகுதான் அது மயிரிழை முறிவு என்று தெரிந்தது. பாரம் ஏறினால் எலும்பில் நுண்விரிசல்கள் விழுவது இயல்பு. அதைப் பழுதுபார்க்க, முதலில் பழைய எலும்பைத் தோண்டும் செல்கள் வருகின்றன. தோண்ட மூன்று வாரம், நிரப்ப மூன்று மாதம். அந்த இடைவெளியில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். அப்போது மேலும் மேலும் பாரம் ஏறினால் விரிசல் ஜெயித்துவிடும். ஆகவே வைகாசிக்குத் தயாராகிறவர்கள் மாசி பங்குனியிலேயே தொடங்குங்கள். வாரத்தில் சில நாள், தோளில் கொஞ்சம் எடையோடு நடை, வாராவாரம் சற்றே கூட்டி. உற்சவ நாட்களில் பாதத்திலோ முன்னங்காலிலோ விரல் வைத்துக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தால், பக்தியைக் கொண்டு அதைப் பொறுக்காதீர்கள். மற்றவரிடம் தண்டைக் கொடுத்துவிட்டு வந்து காட்டுங்கள்.

தறிக்காரர்களுக்கு நான் சொல்வதற்குச் செலவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குழியை விட்டு எழுந்து, மாடிப்படி இருந்தால் ஒரு தடவை வேகமாக ஏறி இறங்குங்கள். படி இல்லையென்றால் குதிகாலைத் தூக்கி 'தொப்' என்று இறக்குங்கள், இருபது முப்பது தடவை. இடுப்பு எலும்புக்கு அது கடிதம் போட்டது போல. ஏற்கெனவே முதுகெலும்பு மெலிந்தவர்கள், முறிவு கண்டவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் குதிக்க வேண்டாம்.

கடைசியாக, முன்பு ஞாபகம் வைக்கச் சொன்ன திசை விஷயம். இடுப்பெலும்பின் கம்பிகள் எல்லாம் நடக்கும்போது மேலிருந்து வரும் பாரத்துக்காக அடுக்கியவை. வயதானவர் பக்கவாட்டில் விழும்போது பாரம் இடுப்பின் வெளிப்பக்கத்திலிருந்து குறுக்கே வருகிறது. வாழ்நாள் முழுக்க அந்தத் திசையில் பாரமே வந்ததில்லை; அங்கே கம்பியும் இல்லை, சுவரும் மெல்லியது. இடுப்பெலும்பு முறிவுகளில் பெரும்பாலானவை இப்படி ஓரமாக விழுந்ததால் வருபவை. எந்த மாத்திரையும் எந்த நடையும் இதை முழுதாகச் சரிசெய்யாது. விழாமல் பார்த்துக்கொள்வதே வழி. நம் வீடுகளில் ஆபத்தான இடங்கள் குளியலறையும் தறிக்குழியும். மணிக்கணக்கில் உட்கார்ந்த கால் மரத்திருக்கும், கண்ணுக்கு வெளிச்சம் போதாது, எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. சிலர் பாவையே பிடித்து எழப் பார்க்கிறார்கள், பாவும் போய் இடுப்பும் போகிறது. தறிக்காலை ஒட்டி, உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில், ஒரு முழம் நீளத்துக்கு உருண்டையான கைப்பிடிக் கட்டை ஒன்றை ஆணியால் அடிக்காமல் போல்ட் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். ஆசாரிக்கு அரை மணி நேர வேலை. குழிக்கு மேலே ஒரு பல்பு. அறுபது தாண்டியவர் தறியில் உட்காரும் வீடாக இருந்தால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. முன்வரிசையில் அம்மா ஒருவர் எக்ஸ்ரே உறையோடு உட்கார்ந்திருக்கிறார். முதல் கேள்வி அவருடையது.